அழுத்தக் கலன்களில் வெல்டு ஆய்வும் அழுத்தச் சோதனையும் எந்த வரிசையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழுத்தக் கலன் (வாயுவையோ திரவத்தையோ அழுத்தத்தில் அடைத்துவைக்கும் மூடிய பாத்திரம்) செய்யும் பட்டறைகளில் என்னென்ன சோதனைகள் வேண்டும் என்ற பட்டியல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தகராறு வருவது வரிசையில்தான். ரேடியோகிராபி (கதிர்ப்படம்) ஃபிலிம் கழுவி வருவதற்குள் மூட்டின் மேல் பேடு (வலுவூட்டும் தகடு) பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டிங்கில் உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தணிக்கும் வெப்பச் சிகிச்சை) முடித்து உலையிலிருந்து வெளியே வந்த கலனில் ஒரு கிளிப் விட்டுப்போயிருக்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிடும் கோட், அதாவது விதித்தொகுப்பின் பிரிவு 8, டிவிஷன் 1-ஐ ஒட்டியவை. வேறு கோட் என்றால் எண்கள் மாறும், காரணங்கள் மாறுவதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த ஆண்டுப் பதிப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எது முதலில்? வெல்டு ஆய்வா, அழுத்தச் சோதனையா?

வெல்டு ஆய்வுதான் முதலில். அழுத்தச் சோதனைக்குப் பிறகு சில இடங்களில் மேற்பரப்பு ஆய்வை மீண்டும் கேட்பார்கள். அது தனிக் கேள்வி, பின்னால் வருகிறது.

ஒரு காரணம் செலவு. மூட்டில் குறை தெரிந்தால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். வெப்பச் சிகிச்சைக்கு முன்பே தெரிந்துவிட்டால் அது சின்ன வேலை. நீர் நிரப்பிச் சோதித்த பிறகு தெரிந்தால் பழுது, மறு ஆய்வு, சில சமயம் மறு வெப்பச் சிகிச்சை, அதற்குப் பிறகு மறுபடியும் நீர்ச் சோதனை என்று நீளும். இன்னொரு காரணம் ஆட்களின் பாதுகாப்பு. பெரும்பாலான கலன்கள் தம் ஆயுளிலேயே மிக அதிகமான அழுத்தத்தைச் சந்திப்பது இந்தச் சோதனையில்தான். உள்ளே விரிசல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பம்பை ஓட்டுவது அசட்டுத் துணிச்சல்.

வரிசையில் எங்கே சந்தேகம் வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அடுத்து நடக்கப்போகும் வேலை இந்த வெல்டை மறைக்குமா, மாற்றுமா? மறைக்கும் என்றால் ஆய்வு அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். மாற்றும் என்றால் அதற்குப் பின்னாலும் ஒருமுறை பார்க்க வேண்டும். கோட்டில் உள்ள வரிசை விதிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கிவிடும்.

ஹைட்ரோ டெஸ்டில் (நீர்ச் சோதனையில்) தாங்கிவிட்டால் வெல்டு நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு ரேடியோகிராபி எதற்கு?

அப்படிப் பொருள் கொள்ள முடியாது. நீர்ச் சோதனை இரண்டே இரண்டு செய்திகளைத்தான் சொல்கிறது. இந்த அழுத்தத்தில் கலன் உடையவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி எங்கும் கசியவில்லை.

20 மி.மீ. தகட்டில் ஒரு நீள் மூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே 5 மி.மீ. உயரத்துக்குப் பக்கச்சுவர் உருகிச் சேராமல் கிடக்கிறது. மேற்பரப்பில் எந்த அடையாளமும் இல்லை. டிவிஷன் 1-இல் அனுமதிக்கப்படும் தகைவு (ஓரலகுப் பரப்பில் உள்ள உள்விசை), பொருளின் இழுவிசை வலிமையில் 3.5-இல் ஒரு பங்கைத் தாண்டாது. ஆகவே சோதனை அழுத்தத்தில்கூட மூட்டுக்கு நிறையவே இடைவெளி இருக்கிறது. அந்தக் குறையோடு கலன் சோதனையைத் தாண்டிவிடும். ஆனால் பணியில் அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்க இறங்க, அந்தக் குறையின் ஓரத்திலிருந்து விரிசல் வளரத் தொடங்கும். இதைச் சொல்லும் திறன் நீர்ச் சோதனைக்கு இல்லை.

கணக்கிலும் ஒரு காரணம் இருக்கிறது. தகட்டின் கனத்தைக் கணக்கிடும்போதே மூட்டுத் திறன் என்ற எண் உள்ளே வந்துவிடுகிறது. இருபுறமும் முழுமையாக ஊடுருவிய பட் மூட்டுக்கு (விளிம்போடு விளிம்பு சேர்ந்தது) முழு ரேடியோகிராபி செய்தால் 1.0, ஆங்காங்கே மாதிரி எடுத்தால் 0.85, எதுவும் செய்யாவிட்டால் 0.70. வடிவமைப்பாளர் 1.0 என்று வைத்துத் தகட்டை மெல்லியதாக்கியிருக்கிறார் என்றால், அந்த ஃபிலிம்கள் வடிவமைப்பின் ஒரு பகுதி. நீர்ச் சோதனையைக் காட்டி அவற்றைத் தவிர்க்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்மை. ரேடியோகிராபியில் தேறிய கலன் கசியாது என்ற உத்தரவாதம் கிடையாது. கதிரின் திசைக்குக் குறுக்காகப் படுத்திருக்கும் மெல்லிய விரிசல் ஃபிலிமில் விழாமல் போகலாம். ஃபில்லெட் வெல்டுகளும் (மூலையில் போடுபவை) திருகு இணைப்புகளும் பொதுவாக ஃபிலிமுக்கே வருவதில்லை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

சாதாரணமான ஒரு கலனுக்கு முழு வரிசையையும் சொல்ல முடியுமா?

40 மி.மீ. கனமுள்ள கார்பன் ஸ்டீல் கலன் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை எஃகுக்கு 38 மி.மீ. தாண்டினாலே ஸ்ட்ரெஸ் ரிலீவிங் கட்டாயம் என்பதால், எல்லாக் கட்டங்களும் இதில் வந்துவிடும்.

தகட்டின் ஹீட் எண்ணை (உருக்குத் தொகுதி எண்)ச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் வேலை தொடங்குகிறது. பிறகு உருட்டல், நீள் மூட்டின் ஃபிட்-அப் (பற்றவைக்கும் முன் விளிம்புகளைப் பொருத்துதல்). விளிம்புகளின் மேடுபள்ளம், ரூட் (மூட்டின் அடிப்பகுதி) இடைவெளி, சாய்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய தருணம் இது. வெல்டர் ஆர்க்கை மூட்டிவிட்டால் இவற்றை அளக்கவே முடியாது.

ஒரு பக்கம் நிரப்பிய பிறகு மறுபக்கத்தைக் கௌஜிங் செய்கிறார்கள், அதாவது ரூட் வரை உலோகத்தைத் தோண்டி எடுக்கிறார்கள். பல பட்டறைகள் அவசரப்படும் இடம் இது. சற்று நின்று பார்க்கலாம். ஆர்க் கௌஜிங் செய்த பள்ளத்தில் கருப்பாகக் கார்பன் படலம் ஒட்டியிருக்கும். அதைக் கிரைண்டரால் முழுவதும் தேய்த்து, பளிச்சென்ற உலோகம் தெரிந்த பிறகுதான் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் புகும் சிவப்புச் சாயம்) அடிக்க வேண்டும். டெவலப்பர் (சாயத்தை வெளியே இழுக்கும் வெண்பூச்சு) காய்ந்ததும் பள்ளத்தின் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தால் கௌஜிங் ரூட் வரை போகவில்லை என்று அர்த்தம். இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் மறைந்துவிடும். அதை விட்டுவிட்டு மேலே நிரப்பினால், அதே கோடு ரேடியோகிராபி ஃபிலிமில் கறுப்பாக வந்து நிற்கும். அப்போது 40 மி.மீ. தகட்டின் நடுப்பகுதி வரை தோண்ட வேண்டியிருக்கும். பெனட்ரன்டின் மிச்சத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் பற்றவைத்தால் வெல்டில் காற்றுத்துளைகள் வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூட்டு நிறைந்து ஆறியதும் கண்ணால் ஆய்வு. அண்டர்கட் (வெல்டின் ஓரப் பள்ளம்), மேலெழுந்த உயரம், ஸ்பாட்டர் (தெறித்த உலோகத் துளிகள்) எல்லாம் சரியான பிறகுதான் ஃபிலிம் வைக்க வேண்டும். மேற்பரப்புக் கரடுமுரடின் நிழல் ஃபிலிமில் விழுந்து, உள்ளே இருக்கும் குறையை மறைத்துவிடும்.

மூடிகளில் மூட்டு இருந்தால், அழுத்தி வடிவம் கொடுத்த பிறகு ரேடியோகிராபி எடுங்கள். தட்டையாக இருக்கும்போது நன்றாக இருந்த வெல்டு, வளைக்கும்போது கிழியலாம்.

வளைய மூட்டுகளில் கலன் திறந்திருக்கும்போதே கதிர்மூலத்தை மையத்தில் வைத்து, ஒரே வீச்சில் முழுச் சுற்றையும் எடுத்துவிடலாம். கடைசி மூடியைப் பொருத்திய பிறகு அந்த வசதி மேன்ஹோல் வழியாகத்தான். மேன்ஹோல் இல்லாத சிறு கலனில் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட கடைசி மூட்டுக்கு உள்பக்கக் கௌஜிங்கும் முடியாது என்பதால் ரூட்டை டிக் (TIG, டங்ஸ்டன் ஆர்க் வெல்டிங்) முறையில் போட வேண்டும். இதை வரைபடக் கட்டத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்து நாஸில்கள் (குழாய் இணைப்பு வாய்கள்), பேடுகள், கால்கள், லிஃப்டிங் லக், ஏணிக் கிளிப், இன்சுலேஷன் வளையம். பேடோ, கலனைத் தாங்கும் சேடிலோ ஒரு மூட்டின் மேல் உட்காரப் போகிறது என்றால், அந்த மூட்டை ஃபிலிம் எடுத்து, தேறிய பிறகு சமமாகத் தேய்த்து, அதற்குப் பிறகே மூட வேண்டும். பேடுகளுக்குக் காற்றுச் சோதனை, அளவுகள் சரிபார்ப்பு. இத்தனையும் முடிந்து, இனி இந்தக் கலனில் ஒரு புள்ளிகூடப் பற்றவைக்க வேண்டியதில்லை என்று கையெழுத்தான பிறகு உலை. உலையிலிருந்து வந்ததும் கடினத்தன்மை, மேற்பரப்பு ஆய்வு, தேவையென்றால் அல்ட்ராசோனிக் (மீயொலி) ஆய்வு. பிறகு நீர்ச் சோதனை, வடிகட்டல், உலர்த்தல், உள்ளுறுப்புகள் பொருத்தல், மணல்வீச்சு, பெயிண்ட்.

ரேடியோகிராபி ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்கு முன்பா, பின்பா?

சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு முன்பு எடுப்பதே நடைமுறை. குறை கிடைத்தால் பழுது பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவை உலைக்கு அனுப்பிவிடலாம்.

குரோம்-மாலிப்டினம் எஃகுகளில், அதிலும் வனேடியம் சேர்ந்தவற்றில், வெப்பச் சிகிச்சையின்போதே விரிசல் பிறக்கும் ஆபத்து உண்டு. ரீஹீட் விரிசல் என்பார்கள். உலைக்கு முன்னால் எடுத்த ஃபிலிமில் அது இருக்க நியாயமில்லை, அப்போது அது பிறக்கவே இல்லையே. அதனால் இவற்றில் உலைக்குப் பின் அல்ட்ராசோனிக் ஆய்வும் மேற்பரப்பு ஆய்வும் மறுபடி தேவை. இரண்டு தடவை எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர்களிடம், முதல் தடவை வெல்டரின் வேலையையும் இரண்டாம் தடவை உலையின் வேலையையும் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.

வெல்டிங் முடிந்த உடனே ஆய்வு செய்துவிடலாமா?

மெல்லிய மென் எஃகு என்றால், ஆறியதும் செய்யலாம். அதிவலிமை எஃகு, தடித்த தகடு, குரோம்-மாலிப்டினம் என்றால் பொறுக்க வேண்டும். வெல்டில் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன் மெதுவாக நகர்ந்து கடினமான பகுதியில் சேர்ந்து விரிசலை உண்டாக்க நேரம் எடுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் சுத்தமாக இருந்த வெல்டு, மறுநாள் மதியம் விரிந்து நிற்கலாம். 24 அல்லது 48 மணி நேரம் கழித்து ஆய்வு என்று ஒப்பந்தங்கள் கேட்பது இதற்காகத்தான்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில் அடிக்கடி குழப்பம் வரும். கடைசிப் பாஸ் (வெல்டு அடுக்கு) முடிந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. ப்ரீஹீட்டை (வெல்டிங்குக்காகத் தரும் முன்சூட்டை) நிறுத்தி, மூட்டு சுற்றுப்புற வெப்பத்துக்கு ஆறிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

பேடுக்குக் காற்றுச் சோதனையை எப்போது செய்வது? ஹைட்ரோவுக்குப் பிறகு செய்தால் என்ன?

முன்பே செய்ய வேண்டும். கலனின் வெளிப்புறத்தில் பற்றவைக்கும் பேடில் குறைந்தது ஒரு சிறு துளையாவது இருக்க வேண்டும் என்கிறது கோட். கால் அங்குலக் குழாய்த் திருகு அளவைத் தாண்டாத அந்தத் துளையைப் பட்டறையில் டெல்-டேல் துளை என்பார்கள். அதில் காற்றுக் குழாயை மாட்டி, ஒரு பார் அளவில் லேசான அழுத்தம் கொடுத்து, பேடின் வெளி ஓரத்திலும், நாஸில் கழுத்திலும், கலனின் உள்பக்கத்தில் நாஸில் சேரும் வெல்டிலும் சோப்பு நீரைப் பூசிப் பார்க்க வேண்டும். பெரிய துளையென்றால் சோப்பு நீரை ஊதித் தள்ளிவிடும். அது கண்ணில் படாமல் போகாது. ஏமாற்றுவது நுண்துளை. வெண்மையான நுரை ஓரிடத்தில் மட்டும் மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். பூசியவுடன் நகர்ந்துவிடாமல் சில நிமிடம் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நீர்ச் சோதனையை முதலில் செய்துவிட்டால் நீர் அந்த நுண்துளைகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு பார் காற்றால் அதைத் தள்ள முடியாது. கசிவு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும்.

உலைக்குப் போகும்போது இந்தத் துளைகள் திறந்தே இருக்க வேண்டும். பேடுக்கும் கலனுக்கும் இடையே அடைபட்ட காற்று 600 டிகிரி செல்சியஸ் அருகே விரிவடைந்து, வலிமை குறைந்திருக்கும் பேடை உப்ப வைத்துவிடும். நீர்ச் சோதனையின்போதும் திறந்தே வையுங்கள். உள்வெல்டு கசிந்தால் அந்தத் துளை வழியாகத்தான் சொட்டும். பணியில் அடைக்க விரும்பினால் அழுத்தம் தாங்காத பொருளால் அடைக்க வேண்டும். கிரீஸ் போதும், இரும்புப் பிளக் கூடாது.

ஹீலியம் கசிவுச் சோதனை, டை பெனட்ரன்ட், நீர்ச் சோதனை மூன்றும் கேட்டிருக்கிறார்கள். எந்த வரிசையில்?

ஹீலியம், பெனட்ரன்ட், நீர். மேலே சொன்ன காரணமேதான். நுண்ணிய கசிவுப் பாதையைப் பெனட்ரன்ட் எண்ணெயும் அடைக்கும், நீரும் அடைக்கும். ஹீலியம் வாயு போகும் வழி காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். நீர்ச் சோதனைக்குப் பிறகுதான் ஹீலியம் என்று ஒப்பந்தம் பிடிவாதமாகச் சொன்னால், கலனைச் சூடேற்றி நன்றாக உலர்த்திய பிறகே அந்த முடிவை நம்பலாம்.

ஸ்ட்ரெஸ் ரிலீவிங் முடிந்துவிட்டது. ஒரு இன்சுலேஷன் கிளிப் விட்டுப்போயிருக்கிறது. சின்ன ஃபில்லெட்தானே, வைத்துவிடலாமா?

வெல்டிங் குழுவினர் கேட்கும் கேள்விகளிலேயே ஆபத்தானது இது. சின்ன ஃபில்லெட்தான் தடித்த தகட்டில் மிக வேகமாக ஆறும். கடினமான வெப்பப் பகுதியை உண்டாக்குவதும் அதுவே.

பொது விதி, வெப்பச் சிகிச்சைக்குப் பின் பழுது பார்த்தால் மறுபடி வெப்பச் சிகிச்சை. இதற்குக் கோட்டின் யுசிஎஸ்-56 பத்தி சில விலக்குகள் தருகிறது. பி-எண் (கோட் எஃகுகளை வகைப்படுத்தும் எண்) 1, குழு 1, 2, 3 எஃகுகளில் மொத்தப் பழுது ஆழம் 38 மி.மீ. வரையும், பி-எண் 3-இல் 16 மி.மீ. வரையும் மறு சிகிச்சை இல்லாமல் செய்ய வழி உண்டு. அதற்கு நிபந்தனைகள் நிறைய: குறையை எடுத்த இடத்தில் மேற்பரப்பு ஆய்வு, ப்ரீஹீட், குறை ஹைட்ரஜன் எலக்ட்ரோடு, பழுதுக்குப் பின் மறு ஆய்வு, எல்லாம் முடிந்த பிறகு நீர்ச் சோதனை. உள்ளே இருக்கப்போகும் திரவத்தை முன்னிட்டுத்தான் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் கேட்டிருக்கிறார்கள் என்றால் இந்த விலக்கு செல்லாது. காஸ்டிக், ஈர ஹைட்ரஜன் சல்பைடு போன்ற பணிகள் அப்படிப்பட்டவை. அங்கே மறுபடி உலைதான்.

உலைக்கு முன்னால் வரைபடத்தோடு கலனைச் சுற்றி வந்து கிளிப், எர்த் லக், பெயர்ப்பலகைத் தாங்கி என்று ஒவ்வொன்றாக டிக் அடிப்பது அரை மணி நேர வேலை. அந்த நடையைத் திட்டத்தில் ஹோல்ட் பாயின்டாகவே (கையெழுத்தில்லாமல் தாண்டக் கூடாத நிறுத்தம்) எழுதிவிடுங்கள்.

நீர்ச் சோதனையில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம்?

டிவிஷன் 1, யுஜி-99-இன்படி: அதிகபட்ச அனுமதி வேலை அழுத்தத்தின் 1.3 மடங்கு, அதைத் தகைவு விகிதத்தால் பெருக்க வேண்டும். சோதனை வெப்பநிலையில் அனுமதிக்கப்பட்ட தகைவை வடிவமைப்பு வெப்பநிலையில் உள்ளதால் வகுத்தால் வருவது அந்த விகிதம். கலனின் பொருள்களில் மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். வேலை அழுத்தம் 10 பார், தகைவுகள் 120, 100 என்று வைத்தால் விகிதம் 1.2, சோதனை அழுத்தம் 15.6 பார். ஐரோப்பிய அழுத்தக் கருவி ஆணையில் 1.43 மடங்கு, அல்லது தகைவு விகிதத்தோடு சேர்த்து 1.25 மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது.

உச்சத்தில் எத்தனை நிமிடம் என்று டிவிஷன் 1 சொல்லவில்லை. ஒப்பந்தங்கள் அரை மணி, ஒரு மணி என்று கேட்கும். ஆய்வு செய்யும் அழுத்தம்தான் முக்கியம். உச்சத்தைத் தொட்ட பிறகு அதை 1.3-ஆல் வகுத்த அளவுக்குக் குறையாமல் இறக்கி, மேலே சொன்ன கலனில் என்றால் 12 பாரில் நிறுத்தி, அதற்குப் பிறகு மூட்டுகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உச்ச அழுத்தத்தில் முகத்தைக் கலனுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

உயரமான கலனை நிற்க வைத்துச் சோதித்தால் 10 மீட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு பார் கூடும். சோதனை அழுத்தம் என்பது கலனின் மேல் முனையில் இருக்க வேண்டிய அளவு. கீழே இருக்கும் கேஜ் (அழுத்தமானி) கூடுதலாகக் காட்டும், அடிப்பகுதித் தகடும் அந்தக் கூடுதலைத் தாங்க வேண்டும்.

கேஜ் எந்த அளவில் இருக்க வேண்டும்?

அதன் முழு அளவு சோதனை அழுத்தத்தின் ஏறக்குறைய இரு மடங்கு, 1.5 மடங்குக்குக் குறையக் கூடாது, 4 மடங்கைத் தாண்டக் கூடாது. 15.6 பாருக்கு 0–40 பார் கேஜ் பொருந்தும். கலனிலேயே நேரடியாகப் பொருத்த வேண்டும். பம்பில் இருக்கும் கேஜ் பம்பின் அழுத்தத்தைத்தான் காட்டும்.

நீருக்குப் பதில் காற்றால் சோதிக்கலாமா? வேகமாக முடியுமே.

நீரின் எடையைத் தாங்க முடியாத கலன்களுக்கும், ஈரத்தின் மிச்சம் சிறிதும் இருக்கக் கூடாத பணிகளுக்கும் கோட் அனுமதிக்கிறது. வேகம் அதற்குள் வராது.

ஒரு கன மீட்டர் கலனில் 10 பார் நீர் அழுத்தினால், நீரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சில நூறு ஜூல்தான். அதே கலனில் 10 பார் காற்று என்றால் பதின்மூன்று லட்சம் ஜூலுக்குப் பக்கம், ஏறக்குறைய 300 கிராம் டிஎன்டிக்குச் சமம். சுவரின் மீள்தன்மையில் சேரும் ஆற்றலை நீரின் கணக்கோடு கூட்டினாலும் வேறுபாடு ஆயிரம் மடங்கைத் தாண்டும். நீரில் கலன் கிழிந்தால் தரை நனையும். காற்றில் கிழிந்தால் கூரை போகும்.

அதனால் இங்கே ஆய்வு வரிசை இன்னும் கறாரானது. காற்றுச் சோதனைக்குப் போகும் கலனில், துளைகளைச் சுற்றியுள்ள எல்லா வெல்டுகளையும், தொண்டை அளவு (வெல்டின் கனம்) 6 மி.மீ.-க்கு மேற்பட்ட எல்லா இணைப்பு வெல்டுகளையும் முழு நீளத்துக்கு விரிசல் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது யுடபிள்யூ-50. பெனட்ரன்ட் அல்லது மேக்னடிக் பார்ட்டிகிள் (காந்தத் துகள் ஆய்வு), இரண்டில் ஒன்று. காற்று ஏறுவதற்கு முன்னால். பிறகு யுஜி-100-இன்படி 1.1 மடங்கு, அதைத் தகைவு விகிதத்தால் பெருக்கி. பாதி அழுத்தம் வரை மெதுவாக, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு வீதம் படிப்படியாக. உச்சத்தைத் தொட்டதும் 1.1-ஆல் வகுத்த அளவுக்கு இறக்கிய பிறகே ஆய்வாளர் அருகில் போகலாம்.

நீரின் தரமும் வெப்பநிலையும் அவ்வளவு முக்கியமா?

துருப்பிடிக்காத ஆஸ்டெனிடிக் எஃகில் நீரின் குளோரைடு முக்கியம். பல விவரக்குறிப்புகளில் உச்ச வரம்பு 50 பிபிஎம். சோதனை நடக்கும் சில மணி நேரத்தைவிட, பிறகு மூலைகளில் தேங்கி ஆவியாகும்போது குளோரைடு செறிவாவதுதான் கெடுதல்.

வெப்பநிலை எல்லாக் கலன்களுக்கும் பொருந்தும். குளிர்ந்த எஃகு நொறுங்கும் தன்மை கொண்டது. உலோகத்தின் வெப்பநிலை கலனின் குறைந்தபட்ச வடிவமைப்பு உலோக வெப்பநிலையைவிட 17 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கட்டும் என்று கோட் நீர்ச் சோதனைக்குப் பரிந்துரைக்கிறது. காற்றுச் சோதனைக்குக் கட்டாயமாக்குகிறது. 48 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆறும் வரை ஆய்வைத் தள்ளிப்போட வேண்டும்.

வெயிலும் கணக்கில் வரும். முழுவதும் நீர் நிரம்பி மூடிய கலனில் ஒரு டிகிரி ஏறினாலே அழுத்தம் ஒரு பார் அளவுக்கு ஏறலாம், தடித்த கலனில் அதற்கும் மேல். பம்பை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும்போது கேஜ் சோதனை அழுத்தத்தைத் தாண்டியிருக்கும். சோதனைச் சுற்றில் ரிலீஃப் வால்வு வேண்டும் என்பது இதற்காகவும்தான். மேகம் மூடி அழுத்தம் இறங்கினால் எல்லோரும் கசிவைத் தேடி அலைவதும் நடக்கும்.

சோதனையில் கசிவு தெரிந்தது. இப்போது என்ன செய்வது?

எங்கே கசிகிறது என்று பாருங்கள். தற்காலிக மூடியின் கேஸ்கெட்டில் என்றால் கலனின் குறை அல்ல. அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டுப் போல்ட்டை இறுக்குங்கள். அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

வெல்டில் என்றால் நீரை வடித்து, உலர்த்தி, தோண்டி, குறை முழுவதும் போய்விட்டதா என்று மேற்பரப்பு ஆய்வால் உறுதிசெய்து, தகுதி பெற்ற செயல்முறையில் பற்றவைத்து, அந்த மூட்டுக்கு முதலில் என்ன ஆய்வு செய்யப்பட்டதோ அதையே மறுபடி செய்து, வெப்பச் சிகிச்சையின் கேள்வியைத் தீர்த்து, திரும்ப முழுச் சோதனை. கசிந்த துளையைச் சுத்தியலால் தட்டி அடைப்பது, நீர் உள்ளே இருக்கும்போதே மேலே ஒரு பாஸ் போடுவது ஆகிய இரண்டும் நடப்பதாகக் கேள்விப்பட்டால் அந்தக் கலனின் மற்ற ஆவணங்களையும் சந்தேகியுங்கள்.

ஷெல் அண்ட் டியூப் வெப்பப் பரிமாற்றிக்கு எந்தப் பக்கம் முதலில்?

முதலில் ஷெல் பக்கம், சேனல் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு. அப்போதுதான் குழாய் முனைகள் கண்முன்னே இருக்கும். எந்தக் குழாய் கசிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். டியூப் பக்கத்தை முதலில் செய்தால், உள்ளே கசிந்த நீர் ஷெல்லுக்குள் எங்கோ விழும்.

நீர்ச் சோதனைக்குப் பின் வெல்டுகளை மறுபடி ஆய்வு செய்ய வேண்டுமா?

எல்லாக் கலனுக்கும் வேண்டியதில்லை. அதிவலிமை எஃகு, தடித்த சுவர், சுழற்சிப் பளு, ஹைட்ரஜன் பணி போன்றவற்றில் நாஸில் வெல்டுகளிலும் இணைப்பு வெல்டுகளிலும் மேக்னடிக் பார்ட்டிகிள் கேட்பது வழக்கம். சோதனை அழுத்தம் வெல்டை மாற்றக்கூடிய ஒரு நிகழ்வு. ஏற்கெனவே இருந்த சிறு விரிசல் அப்போது மேற்பரப்புக்குத் திறந்திருக்கலாம். இதற்காகவும் பெயிண்ட்டைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

சோதனைக்கு முன்பே பெயிண்ட் அடிக்கலாமா?

கலனை வாங்குபவர் ஒப்புக்கொள்ளாத வரை, அழுத்தம் தாங்கும் வெல்டுகளின் மேல் கூடாது. பெயிண்ட் படலமே நுண்கசிவை அடைத்துவிடும். நேரம் நெருக்கினால் வெல்டின் இருபுறமும் சில அங்குலம் விட்டு மற்ற இடத்தில் பிரைமர் அடிப்பதே நடுவழி.

சோதனை தேறிவிட்டது. வடிகால் வால்வைத் திறந்துவிட்டுக் கிளம்பலாமா?

முதலில் மேலே வென்ட்டை (காற்று வாயை) திறங்கள். மெல்லிய சுவருள்ள பெரிய கலனில் வென்ட் மூடியிருக்க நீர் வேகமாக இறங்கினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, 15 பாரைத் தாங்கிய கலன் வெளிக்காற்றின் ஒரு பாரில் நசுங்கிவிடும். வென்ட்டைத் திறந்தால் மட்டும் போதாது. அதன் வாயில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்துவிடுங்கள்.

வடிந்த பிறகு, தாழ்ந்த நாஸில்களின் ஃப்ளாஞ்சைக் கழற்றி, தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி, சூடான காற்றைச் செலுத்தி உலர்த்த வேண்டும். கேஜ்களின் அளவீட்டுச் சான்று எண், நீர் வெப்பநிலை, உச்ச அழுத்தம், ஆய்வு அழுத்தம், நேரம் ஆகியவற்றை அங்கேயே பதிவுத்தாளில் எழுதி ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சோதனைக்குப் போட்ட கேஸ்கெட்டுகளைக் கலனோடு அனுப்பாதீர்கள். பணிக்குரிய புதியவற்றை மாட்டி, பிளைண்ட் (துளையில்லா மூடித்தகடு) போட்டு மூடுங்கள்.